கியரைப் பிடிக்க ஓர் ஆள்

பள்ளியில் மலையாளம் படித்து, தமிழ் எழுத அம்மாவிடம் மட்டும் கற்றுக்கொண்ட நான் கட்டுரை எழுத வந்தது கொஞ்சம் அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மட்டாஞ்சேரியில் சுக்கு மூட்டை ஏற்றிய வண்டி எதிரே வந்தால், அந்தக் காரமான மணத்தோடு அப்பா சுக்கு ஏற்றிப்போகும் பழைய பிக்கப்பும், அதில் என் இடம் பறிபோக இருந்த அந்த வெள்ளிக்கிழமையும் நினைவுக்கு வந்துவிடுகின்றன.

அப்பா பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிய வண்டி அது. முன்னால் ஒரே நீளச் சீட்டு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான். மூன்றாவது கியர் தானாக நழுவிவிடும் என்பதால், ஏற்றம் வந்தால் அப்பா "பிடி" என்பார். நான் இரண்டு கைகளாலும் கியர்க் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். யாரிடமும் வாய் திறக்காத எனக்கு, பேசாமலே செய்யக்கூடிய அந்த வேலை பெரிய பெருமை.

சீட்டின் ஸ்பிரிங் வெளியே வந்து அம்மாவின் புடவைகளைக் கிழிக்கத் தொடங்கியதும், மாமா சுள்ளிக்கல்லில் பழைய இரும்புக்காக உடைத்துக்கொண்டிருந்த ஒரு காரிலிருந்து இரண்டு சீட்டுகளைக் கொண்டுவந்தார். அவரும் அப்பாவும் பழையதைக் கழற்றி, தரையில் புதிதாகத் துளை போட்டு, கியருக்கு வழி விட்டு, இடது சீட்டைக் கதவோரமாகத் தள்ளி போல்ட்டை முடுக்கினார்கள்.

"மச்சான், இனி நீங்க ராஜா மாதிரி போகலாம்" என்றார் மாமா.

சாயா கொண்டுவந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "ராஜாவும் ராணியும் சரி. பிள்ளையை மூட்டையோட மூட்டையா கட்டிடலாமா?"

இருவரும் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவ வீட்ல இருக்கட்டும்க்கா. வளந்துட்டாள்ல" என்றார் மாமா.

ஓட்டிப் பார்க்க இருவரும் தோப்பும்படிப் பாலம் வரை போனார்கள். திரும்பி வந்தபோது மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கதவோரச் சீட்டிலிருந்து கியருக்குக் கை எட்டாமல், வழியெல்லாம் கோணலாகச் சாய்ந்தே வந்தாராம்.

"பாலத்து மேல கியர் நழுவி வண்டி நின்னுடுச்சுக்கா. பின்னாடி வந்த பஸ்காரன் எங்கப்பன், தாத்தன் ஒருத்தரையும் விடல. உன் பொண்ணு இல்லாம இந்த வண்டி ஏறாது!"

அப்பா சுக்கு இருந்த சாக்கு ஒன்றில் தேங்காய் நாரை அடைத்துத் தைத்து, மரப்பெட்டியின் மேல் இறுக்கிக் கட்டி, இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில் வைத்தார். "ஏறு" என்றார்.

அந்த வண்டியும் மாமாவும் இப்போது இல்லை. என் மகனின் காரில் ஆளுக்கொரு சீட்டு. கியரை யாரும் பிடிக்க வேண்டியதில்லை. நான் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் நாங்கள் மூவரும் ஆலுவாவுக்குப் போய், சுக்கை இறக்கிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினோம்.