சொன்னவுடன் பேழை ஏறிய மனைவி

ஆல்ட்விக் ஊரில் கயிறு திரிக்கும் ஹேமோவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் பாதிரியாரும் வரி வாங்க வருகிறவரும்தான். மற்ற எல்லாருக்கும் அவன் நோவாவின் பெண்டாட்டி. அந்தப் பட்டம் வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது.

நற்கருணைத் திருநாளில் ஒவ்வொரு தொழிற்சங்கமும் ஒரு வேதாகமக் கதையை வண்டியில் ஏற்றி, தெருமுனைதோறும் நிறுத்தி நடிக்கும். உலகமே வெள்ளத்தில் மூழ்கும்போது நோவா பேழை என்ற பெரிய மரக்கலத்தில் குடும்பத்தோடு தப்பிக்கும் ஜலப்பிரளயக் கதை படகுத் தச்சர்களுடையது. பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்ட வேண்டும். இடுப்பு ஒல்லி, குரல் மெல்லிசு என்று ஹேமோவைப் பிடித்துப் போட்டார்கள். நோவா, படகுத் தச்சன் தர்ஸ்டன். அவன் வாய்விட்டுச் சிரித்தால், தெருவுக்கு அந்தப் பக்கம் ஹேமோ திரிக்கும் கயிறு சிக்கலாகிவிடும்.

பிரளயத்தைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. பெண்டாட்டி பேழையில் ஏற மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணி, புருஷன் கன்னத்தில் ஓர் அறை விடுவாளே, அதற்குத்தான் கூட்டம். ஒத்திகையில் அந்த அறைதான் ஹேமோவுக்கு வரவே இல்லை. தர்ஸ்டனின் கன்னத்துக்குப் பக்கத்தில் போனதும் கை வெண்ணெயாக உருகியது.

"அடிக்கச் சொன்னா தடவிக் குடுக்கறியே, அவன் என்ன கன்னுக்குட்டியாடா?" என்று தலையில் அடித்துக்கொண்டார், நாடகம் பழக்கும் கோட்வின் மேஸ்திரி.

ஹேமோவின் கவலை வேறு. திருநாள் முடிந்த மறுநாள் தர்ஸ்டன் துறைமுகப் பட்டணத்துக்குப் பெரிய கப்பல் கட்டப் போகிறான் என்று ஊரே பேசியது. அதற்குள் மனதில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லத்தான் போனான், பல தடவை. ஒவ்வொரு தடவையும் படகுக்குப் பூசும் தாரின் விலையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினான்.

திருநாளன்று சந்தைத் திடலில் வண்டி நின்றது. ஆட்டு ரோமத் தாடியோடு தர்ஸ்டன் பேழையிலிருந்து கை நீட்டி, "வாடி, மழை வருது" என்றான். ஹேமோ வசை பாட வேண்டிய இடம். அந்தக் கையைப் பார்த்தான். நாளைக்கு இது இருக்காது என்று நினைத்தான். பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஒரே தாவில் ஏறிவிட்டான்.

கூட்டம் திகைத்தது. பிறகு தன் காசைத் திருடியவனைப் பார்த்ததுபோல ஊளையிட்டது. மீன்காரி ஒருத்தி மீன் தலையை வீசினாள்.

"என்னடா, அதுக்குள்ள வந்துட்ட?" என்று கிசுகிசுத்தான் தர்ஸ்டன்.

"நீ கூப்பிட்ட, வந்துட்டேன். நாளைக்குப் பட்டணத்துக்குக் கூப்பிட்டாலும் வருவேன்." ஒருவழியாகச் சொல்லியாயிற்று.

தர்ஸ்டன் பேழையிலிருந்து குதித்து இறங்கினான். ஹேமோவுக்கு உயிரே போயிற்று. ஆனால் அவன் கூட்டத்தைப் பார்த்து, "சண்டை போடாம ஒரு பொண்டாட்டி வர்றான்னா இதுல ஏதோ சூது இருக்கு. நான் ஏறமாட்டேன்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தான். திடல் அதிர்ந்தது. ஹேமோ இறங்கித் தாடியைப் பிடித்து இழுக்க, தாடி கையோடு வந்துவிட்டது.

அப்போதுதான் தர்ஸ்டன் மெதுவாகச் சொன்னான்: "நான் பட்டணம் போகல. போன வாரமே வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன். நீ இல்லாத ஊர்ல எனக்கென்ன வேலை? இதைச் சொல்லலாம்னு வந்தா, நீ தார் விலையே பேசிக்கிட்டிருந்த."

போன வாரமே! எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டது! ஹேமோ கையை ஓங்கி விட்டான் ஓர் அறை. கயிறு திரித்த கை. சத்தம் மணிக்கூண்டு வரை கேட்டதாக இன்றும் சொல்வார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தர்ஸ்டன் சிரித்த சிரிப்பில் ஹேமோவும் சிரித்துவிட்டான். கோட்வின் மேஸ்திரி ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

வண்டி அடுத்த முனைக்குப் போனது. அறைய வேண்டிய இடம் வந்ததும் தர்ஸ்டன் வீங்காத கன்னத்தைக் காட்டினான். ஹேமோ அதைத் தடவிக் கொடுத்தான். அந்த முறை மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்ளவில்லை.