நாளைக்கு வாரேன்க்கா

இது நடந்தது. பேய்க்கு நடுராத்திரி வேண்டும், புளியமரம் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் இரண்டும் இல்லை. போன வருஷம் ஆனி மாதம், ஒரு புதன்கிழமை, பிற்பகல் 3.40க்கும் 4.30க்கும் நடுவில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இலஞ்சியில் ஒரு வீட்டு அடுப்படியில் நடந்தது. எதிர்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் பலாப்பழ வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான்.

மாரிராஜுக்குத் தென்காசியில் தொழில். சமையலறைச் சிம்னி மாட்டுவான், கழுவுவான், கெட்டால் சரிசெய்வான். துபாய்க் காசு வந்த வீடோ போலீஸ்காரர் வீடோ, இப்போது அடுப்புக்கு மேலே ஒரு சிம்னி தொங்காத வீடு அபூர்வம். அவன் கைவேலை சுத்தம். வாய்தான் சுத்தமில்லை. யார் கூப்பிட்டாலும் 'நாளைக்கு வாரேன்' என்பான். அந்த நாளை எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. கொத்தனாரும் தச்சரும் பிளம்பரும் சொல்கிற அதே பொய்தான். ஊரில் யாரும் அதைப் பொய்க்கணக்கில் சேர்ப்பதில்லை, அவனும் சேர்த்ததில்லை.

அன்றைக்கு 2.15க்குப் புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. வயசான ஆண் குரல். சிம்னி தானாக ஓடுகிறது, இன்றைக்கே வா என்று சொல்லி அடையாளமும் சொன்னது. பச்சை கேட் போட்ட வீடு என்றதில் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வண்டியை உள்ளே நிறுத்திய பிறகுதான் அடையாளம் தெரிந்தது. கேட்டுக்குத்தான் புதுப் பெயின்ட். வீடு வள்ளித்தாய் வீடு.

அதற்கு முந்தின வருஷம், இதே சாரல் சீசன். வள்ளித்தாய் வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் சுட்டுக் குற்றாலத்துக் கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். எண்ணெய்ச் சட்டி காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுப்பை விட்டு இறங்காது. அவளுக்கு வீசிங் வேறு. அதனால்தான் ஆசை ஆசையாகச் சிம்னி வாங்கினாள். புகைக் குழாயின் வாய் மேற்குப் பார்த்த சுவரில் இருந்தது. மேல்காற்று அடித்ததும் சாரல் குழாய் வழியே உள்ளே வந்து அடுப்பை அணைத்தது. அதற்கென்று காற்று வெளியே மட்டும் போகிற மாதிரி ஒரு மூடி உண்டு. சிம்னியை மாட்டிய மாரிராஜிடம் அன்றைக்கு அது இல்லை. வண்டிப் பெட்டியில் தன் பழைய நீலச் சட்டை கிடந்தது. முதுகில் 'மாரிராஜ் சிம்னி சர்வீஸ்' என்று பெயரும் செல் நம்பரும் அச்சடித்த சட்டை. அதைச் சுருட்டிக் குழாய் வாயில் அடைத்தான். இரண்டு நாளில் மூடி கொண்டுவருகிறேன், அதுவரை சிம்னியைப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தான்.

போகவில்லை. ஆடி போயிற்று, ஆவணியும் போயிற்று. சாரல் நின்று வெயில் ஏறியது. அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு தடவைகூடத் திட்டினதில்லை.

"தம்பி, புகை வெளிய போக மாட்டேங்கு. மூச்சு முட்டுது. ஒரு எட்டு வந்து அந்தத் துணிய எடுத்துட்டுப் போயிருய்யா."

பேச்சுக்கு நடுவில் அவள் நெஞ்சு இரைவது போனிலேயே கேட்கும். "நாளைக்கு வாரேன்க்கா" என்பான். இப்படிப் பதிமூன்று தடவை. புரட்டாசியில் அழைப்பு நின்றது. தொல்லை விட்டது என்றுதான் நினைத்தான். இதை அவனே என்னிடம் சொன்னான், அதனால்தான் எழுதுகிறேன்.

கதவைத் திறந்தவர் தளவாய். வள்ளித்தாயின் புருஷன், ரிட்டயர்டு ஏட்டு. சிம்னி மாட்டிய நாளில் அவர் இன்னும் ரிட்டயர் ஆகாமல் டூட்டியில் இருந்ததால் இருவரும் நேருக்கு நேர் பார்த்ததில்லை. அவர் தோளுக்குப் பின்னால், ஹால் சுவரில், சந்தன மாலை போட்ட போட்டோவில் வள்ளித்தாய் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே சின்னச் சிவப்பு பல்பு எரிந்தது.

அவன் பார்ப்பதைப் பார்த்து, "புரட்டாசில போயிட்டா" என்றார்.

எதனால் என்று மாரிராஜ் கேட்கவில்லை. வீசிங்தான் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். அடுத்து அவன் நினைத்தது செத்துப்போனவளை அல்ல, சட்டையை. குழாய்க்குள் தன் பெயரும் நம்பரும் இருக்கின்றன, வீட்டுக்காரர் போலீஸ்காரர். அவர் கண்ணில் படுமுன் அதை உருவிவிட வேண்டும். மனுஷ புத்தி அவ்வளவுதான், தன் கழுத்துக்குக் கத்தி என்றால் அடுத்தவன் சாவு ரெண்டாம் பட்சம்.

தினமும் சாயங்காலம் சரியாக 4.10க்குச் சிம்னி தானாக ஓடுகிறது, பத்து நிமிஷத்தில் நிற்கிறது என்றார் தளவாய். சாரல் ஈரம் டச் பட்டனுக்குள் இறங்கினால் அப்படி நடக்கும் என்று மாரிராஜ் தேற்றினான். அதில் பொய்யில்லை, நிறைய வீடுகளில் நடப்பதுதான். பிசுக்கு விழும், நீங்கள் ஹாலில் உட்காருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு அடுப்படிக்குள் போனான்.

மணி 3.48. பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டான். கரண்ட் வேலையில் அவன் எப்போதும் ஜாக்கிரதை. அடுப்பில் சிலிண்டரே இல்லை. ரப்பர் குழாய் வெறுமனே தொங்கியது. ஒன்பது மாதமாகக் கடைச் சாப்பாடுதான் என்று தளவாய் சொல்லியிருந்தார். மேடையெல்லாம் தூசி. சிம்னிக்கு மேலே சிலந்தி வலை.

வலைத் தட்டைக் கழற்றினான். இத்தனை மாதம் சும்மா கிடந்த தட்டில் பிசுக்கு காய்ந்து அரக்காக இறுகியிருக்க வேண்டும். இது ஈரமாக இருந்தது. விரலில் எண்ணெய் வழிந்தது.

அடியில் எண்ணெய் வடியும் கிண்ணத்தை உருவினான். விளிம்பு வரை நிறைந்திருந்தது. கறுத்துக் கெட்டிப்பட்ட பழைய எண்ணெய் இல்லை. பொன் நிறத்தில், தெளிவாக... வெல்ல வாசனையோடு. அதிரசம் சுட்ட எண்ணெய்.

தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது.

மணி 4.09. பூனை, எலி, பக்கத்து வீட்டுச் சமையல் என்று மனசு எதையெதையோ தேடியது. சட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று பின்கதவுப் பக்கம் திரும்பினான்.

சரியாக 4.10.

மேடையில் அவன் வைத்திருந்த பில் தாள் அசைந்தது. இழுவை பார்க்கச் சிம்னிக்கு அடியில் ஒரு தாளைப் பிடிப்பது வழக்கம். நன்றாக இழுத்தால் தாள் போய் ஒட்டிக்கொள்ளும். இந்தத் தாளை யாரும் பிடிக்கவில்லை. தானாக எழுந்தது. மேலே போய் ஒட்டிக்கொண்டது.

பிளக் தரையில் கிடந்தது.

மோட்டார் சத்தம் இல்லை. விளக்கு எரியவில்லை. தாள் மட்டும் ஒட்டி நின்றது. பிறகு... விழுந்தது. மறுபடி எழுந்து ஒட்டியது. விழுந்தது.

ஒட்டியது. விழுந்தது.

ஸ்ஸ்ஸ்... ஹ்ஹ்ஹ்...

அந்த இரைப்பு அவனுக்குத் தெரியும். போனில் பதிமூன்று தடவை கேட்டது.

பின்கதவைத் திறந்து வெளியே பாய்ந்தான். முகத்தில் சாரல் அடித்தது. சுவரோரம் மூங்கில் ஏணி சாய்ந்து கிடந்தது. அதன் மேல் கோவைக்கொடி படர்ந்திருந்தது, பல மாதமாக யாரும் அதைத் தொட்டதில்லை. முன்பு அங்கே ஒரு துவைக்கல் உண்டு. அது இருந்த இடத்தில் சிமென்ட் பூசியிருந்தது. அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

கொடியைப் பிய்த்து ஏணியை நிமிர்த்தி ஏறினான். குழாய் வாயில் நீலம் தெரிந்தது. பிடித்து இழுத்தான்.

வரவில்லை.

மறுபடி இழுத்தான். உள்ளேயிருந்து இழுத்தது.

ஆணியில் மாட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். ஆணி விடும், இல்லை கிழிக்கும். ஆணி திருப்பி இழுக்குமா...

"அக்கா, விட்ருக்கா" என்றான். அவனை அறியாமல் வந்தது.

விட்டது.

ஏணி ஆடியது. சுவரை அணைத்துக்கொண்டு நின்றான். கையில் சட்டை. சுற்றிலும் சாரல், சட்டையோ காய்ந்து சூடாக இருந்தது. இரைப்பு நின்றிருந்தது. மணி 4.20. சட்டையைச் சுருட்டித் தோளில் கிடந்த பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த நொடியில் அவனுக்கு நிம்மதிதான். தடயம் போய்விட்டது.

உள்ளே வந்தபோது தளவாய் அடுப்படி வாசலில் நின்றிருந்தார். ஏணியில் எதற்கு ஏறினாய் என்று கேட்டார்.

"குழாயில அடைப்பு இருக்கான்னு பாத்தேன் ஏட்டையா. ஒண்ணும் இல்ல."

தளவாய் அவனையே பார்த்தார். "ஒண்ணும் இருக்காது. அதத்தான் அவ எடுத்துட்டாள்லா."

மாரிராஜ் பையைத் தோளோடு சேர்த்துப் பிடித்தான்.

"ஒனக்குப் பதிமூணு மட்டம் போன் போட்டா. எங்கிட்டயும் சொல்லத்தான் செஞ்சா. மாட்டுனவன் வந்து எடுப்பான், நீ சும்மா கெடன்னுட்டேன். டிவி பாத்துக்கிட்டிருந்தேன். கடைசில அவளே ஏணிய வச்சு ஏறுனா. நாலு பத்து இருக்கும். துணிய உருவுன வேகத்துல பின்னால சாஞ்சுட்டா. கீழ துவைக்கல்லு."

பேசும்போது அவர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. எத்தனையோ பேர் சாவை இப்படி எழுதிப் பழகியவர். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து விரித்துக் காட்டினார். மாரிராஜின் பெயரும் நம்பரும் அதில் இருந்தன.

"கைல அந்தச் சட்டையப் புடிச்சிருந்தா. வெரலப் பிரிக்க முடியல. ஆஸ்பத்திரில பாத்தாங்க, நானும் பாத்தேன். முடியல. அதுல இருந்த நம்பர எழுதி வச்சுக்கிட்டு, அப்படியே அவகூடச் சேத்து எரிச்சிட்டோம்."

மாரிராஜின் தோளில் பை தொங்கியது. அதன் கனம் அவனுக்குத் தெரிந்தது.

"ஒன்னைய அடிக்கணும்னுதான் கூப்பிட்டேன். இங்கன வந்து நீ நிக்கியதப் பாத்தா... எனக்கு மட்டும் என்ன யோக்கியதை இருக்கு? அவ எப்பவும் 'நாளைக்கு வந்துருவான், பாவம் ஒத்தையாளா வேலை செய்யுதான்'னுதான் ஒன்னையச் சொல்லுவா. போயிரு."

அவன் போனான். இலஞ்சி விலக்கில் வண்டியை நிறுத்திப் பையைத் திறந்து பார்த்தான். சட்டை இருந்தது. எரிந்த தடம் இல்லை, சாம்பல் இல்லை. முதுகில் பெயர் அப்படியே இருந்தது. வலது கை நுனியில் மட்டும் துணி கொத்தாகக் கசங்கியிருந்தது.

தளவாய் வீட்டுச் சிம்னி அதற்குப் பிறகு ஓடவில்லை. மாரிராஜ் இப்போது யாரிடமும் 'நாளைக்கு' என்று சொல்வதில்லை. முடியுமானால் உடனே போகிறான், முடியாவிட்டால் வர மாட்டேன் என்கிறான். திருந்தினான் என்று ஊர் மெச்சுகிறது. மெச்சட்டும். போனவள் வரவா போகிறாள்?

சட்டையை எரிக்கவும் அவனுக்குத் தைரியமில்லை, ஆற்றில் விடவும் தைரியமில்லை. கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருந்தான். ஒரு மாதம் கழித்து அவன் மனைவி உமாராணி அதைப் பார்த்தாள். அவளிடம் அவன் எதையும் சொல்லியிருக்கவில்லை. நல்ல சட்டைதானே என்று ஊறவைத்துத் துவைத்தாள். இஸ்திரி போட்டாள். கை நுனிக் கசங்கல் மட்டும் போகவில்லை. தண்ணீர் தெளித்து அழுத்திப் போட்டாள். மூன்று தடவை போட்டும் போகவில்லை.

அவள் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நான்கு மடிப்பு ஒரு பக்கம், ஒன்று எதிர்ப்பக்கம். தன் விரல்களை அவற்றின் மேல் ஒவ்வொன்றாக வைத்து மூடிப் பார்த்தாள். சரியாகப் பொருந்தின.

"பொம்பளக் கைதான்" என்றாள்.