சாய்ந்து கிடந்த பியட்

கார் கவிழ்ந்து கிடக்கிறது, ஓடி வாருங்கள் என்று என் டீக்கடைக்குள் வந்து கத்தியவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் எனக்குக் கிறுக்குப் பிடித்திருக்கும். உச்சிப்புளியைத் தாண்டி, ராமேசுவரம் போகும் சாலையோரம் என் கடை. நேர் எதிரே சுஐபு பாய் வீடு. அவர் வாசலில் பழைய பியட் கார் ஒன்று நான்கு சக்கரத்தையும் சாலைக்குக் காட்டிக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தால், பார்க்கிறவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

பாய்க்குப் பூர்வீகம் மண்டபம். சின்ன வயதிலேயே அரபு நாட்டுக்குப் போய், கார் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தார். அங்கே ஒரே அறையில் எட்டுப் பத்துப் பேர் படுப்பார்களாம். தூக்கத்தில்கூட யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள், சனியன்கள், காது புளித்துப்போகும் என்பார். திரும்பி வந்த மறுவருடமே மனைவி மெஹருன்னிசா இறந்துவிட்டார். மகள் லாமியா கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள். அவ்வளவு பெரிய வீட்டில் இவர் ஒருத்தர். காலையில் ஒரு டீ, சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு ஒரு டீ. "சூடா இருக்கா தங்கச்சி" என்பதைத் தாண்டி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. எனக்கோ வாய் நீளம். பேசாத ஆளைக் கண்டால் எரிச்சலாக வரும்.

கார் பாயின் மாமனார், மெஹருன்னிசாவின் வாப்பா கொடுத்தது. ஓலைக் கொட்டகையில் பல வருடம் சும்மா நின்றதில் உப்புக்காற்று அதன் அடித்தகட்டைத் தின்றுவிட்டது. ஓட்டுகிற இடத்தில் கால் வைத்தால் மணல் தெரியும். அதை எழுப்பி நிறுத்தப்போகிறேன் என்று பாய் சொன்னபோது, வேலையத்த வேலை என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டார்.

கீழே படுத்துக்கொண்டு மேலே பார்த்து வெல்டிங் செய்தால் பொறி முகத்தில் கொட்டும். அதனால் காரைச் சாய்க்க வேண்டும். அதற்குப் பாய் பட்ட பாட்டை நான் கல்லாவில் உட்கார்ந்தே பார்த்தேன். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வீட்டுக்குப் பின்னால் தூரத்தில் கொண்டுபோய் வைத்தார். பேட்டரியை எடுத்தார். ஆயில், பிரேக் ஆயில் எல்லாம் வடித்தார். எஞ்சினை இறக்கினார். அடி செத்த வண்டி சாயும்போது முறுக்கிக்கொள்ளும் என்று, கதவு இடைவெளியில் இரும்புக் கம்பி குறுக்கே வைத்துப் பற்றவைத்தார். அப்புறம் மண்டபத்திலிருந்து கூத்தையாவைக் கூப்பிட்டார்.

கூத்தையா படகுக்காரர், பாயின் பால்ய சிநேகிதர். மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில், ஆட்களும் சும்மா. வல்லத்தை மணலில் சாய்த்து அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவது அவர்களுக்குப் பழகிய வேலை. காரையும் அதேபோலத்தான் சாய்த்தார்கள். தரையில் பழைய டயர்களைப் பரப்பினார்கள். வேப்பமரக் கிளையில், சங்கிலியை இழுத்தால் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டி ஒரு பக்கத்தை மெல்லத் தூக்க, தடால் என்று விழுந்துவிடாமல் எதிர்ப்பக்கம் நாலு பேர் கயிறு பிடித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாயச் சாய முட்டுக்கட்டை கொடுத்துக்கொண்டே போனார் கூத்தையா. பொறி பறந்து கொட்டகை ஓலையில் விழக் கூடாதென்று, அடிப்பாகத்தைச் சாலையைப் பார்க்க வைத்தார்கள்.

"ஒத்த ஆளா மட்டும் இதைத் தொடவே கூடாது" என்று பாய் அன்றைக்கு என்னிடம் சொன்னார். "நழுவுச்சுன்னா நசுங்கிக் கெடக்க வேண்டியதுதான். எடுத்துப்போட ஆள் வேணும்ல?"

மறுநாளே ஆரம்பித்தது கூத்து. தீர்த்தமாடித் திரும்பிய வேன் ஒன்று கிரீச்சென்று நின்றது. ஈரத்துணியோடு ஒரு கும்பல் குதித்து ஓடி வந்தது. யாருக்கும் அடி படவில்லையே, குழந்தைகள் இருந்தார்களா என்று ஒரே சத்தம். பாய் முகமூடியைத் தூக்கிவிட்டு விளக்கம் சொன்னார். அவர்கள் போனதும் அடுத்த கார். அப்புறம் பக்கத்துக் கடற்படைத் தளத்துப் பையன்கள். இந்திக்காரக் குடும்பம் ஒன்று, பாஷை புரியாமல், பாயின் கையையும் காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. யாரோ புண்ணியவான் நூற்றெட்டுக்குப் போன் போட்டு, ஆம்புலன்ஸே அலறிக்கொண்டு வந்து நின்றது.

முதலில் பாய் கடுகடுத்தார். பிறகு வந்தவர்களுக்கு டீ சொல்ல ஆரம்பித்தார். பிறகு வீட்டுக்குள்ளிருந்து நாற்காலிகள் வந்தன. மஸ்கட், மகள், மெஹருன்னிசா வைக்கும் இறால் ஆணம், அதாவது குழம்பு என்று எல்லாக் கதையும் முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் என்னிடம் சொல்லாததை! எனக்குக் கோபம்தான். ஆனாலும் டிரேயைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வருவேன்.

ஒரு கட்டத்தில் வெல்டிங் வெளிச்சம் நின்றுபோனது. அடித்தகடு முழுக்கப் புதுசு, கறுப்பு வண்ணமும் பூசியாகிவிட்டது. பாய் சுத்தியலை வைத்துக்கொண்டு ஒரே இடத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிருச்சா பாய்?" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் துரு இருக்கு தங்கச்சி" என்றார், சாலையைப் பார்த்துக்கொண்டே. துருவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. திட்டாமல் ஒரு டீயை வைத்துவிட்டு வந்தேன். எனக்கே ஆச்சரியம்.

தடைக்காலம் முடிகிற நேரத்தில் கூத்தையா வந்தார். வேலை முடிந்த காரை இன்னும் படுக்கப் போட்டிருக்கிறாயே, நாங்கள் கடலுக்குப் போய்விட்டால் யார் வந்து நிமிர்த்துவார்கள் என்று திட்டினார். கயிறு பிடித்து, முட்டுக்கட்டையை ஒவ்வொன்றாக உருவி, காரை நான்கு சக்கரத்தில் இறக்கிவிட்டார்கள். எஞ்சினை மாட்டினால் ஓட்ட வேண்டியதுதான் என்று பாயின் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

அதோடு சரி. ஒழுங்காக நிற்கிற காரை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? வேன்கள் பறந்தன. பாய் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். எதிரே நாலைந்து காலி நாற்காலி. எஞ்சின் மூடிய சாக்கோடு அப்படியே கிடந்தது. பழையபடி காலையில் ஒரு டீ, அசருக்குப் பிறகு ஒரு டீ.

ஒரு நாள் விடிந்து கடையைத் திறந்து, பாலை அடுப்பில் வைத்துவிட்டு நிமிர்கிறேன், கார் மறுபடி ஒருக்களித்துக் கிடக்கிறது. கூத்தையா ஆட்கள் கடலில். கயிறு பிடிக்க ஒருத்தரும் இல்லை. ஒத்த ஆளாகத் தொடக் கூடாது என்று சொன்ன மனிதர்! செருப்பைக்கூடப் போடாமல் சாலையைக் கடந்து ஓடினேன்.

பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டயர், முட்டுக்கட்டை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சங்கிலி இழுத்த உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தது. இந்தத் தடவை காரின் கூரை சாலையைப் பார்த்துக் கிடந்தது. அடிப்பாகம் ஓலைக் கொட்டகையைப் பார்த்தது. அங்கே வெல்டிங் வைத்தால் கொட்டகையே எரிந்துபோகும். அது அவருக்குத் தெரியாதா என்ன? இது வெல்டிங்குக்காகச் சாய்த்தது இல்லை.

வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டத்தான் போனேன். நசுங்கிச் செத்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள் என்று கேட்கத்தான் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையாகப் போட்டிருந்த காலி நாற்காலிகளைப் பார்த்தேன்.

"யாருக்கும் அடி படலையே பாய்?" என்றேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். அந்த வேன்காரர்களிடம் சொன்ன அதே குரலில், "இல்லம்மா, ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. வாங்க, இங்கன உக்காருங்க" என்று பக்கத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

எதிரே என் கடையில் பால் பொங்கி வழிவது தெரிந்தது. நான் உட்கார்ந்து, இது யாரோட கார் என்று கேட்டேன்.