ஹார்லன் விட்டுப்போன புளோயர்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இது நடந்தது. எனக்கு நடந்தது. அன்று நான் ஒரு சொட்டு பீர்கூடக் குடிக்கவில்லை. சந்தேகம் இருந்தால் மிலோவைக் கேளுங்கள். என் ஒர்க்‌ஷாப் கூட்டாளி அவன். என்னைக் காரிலிருந்து வெளியே இழுத்துப் போட்டவன் அவன்தான்.

மிச்சிகனில் எங்கள் ஊருக்கு வெளியே கால் மைல் ரேஸ் டிராக் ஒன்று இருக்கிறது. டிக்கெட் கவுன்டருக்கு மேலே ஒரு பலகை. பெரிய என்ஜின் வைத்த பழைய மசில் கார்களில் யார் அதிவேகமோ அவன் பெயர் அதில் இருக்கும். ஏழு வருடமாக அங்கே ஒரே பெயர்தான். ஹார்லன் பெக்கெட், 10.42 நொடி.

அவனும் நானும் ஒரே ஸ்கூல். ஒரே மாடல் கார், எழுபதாம் வருடத்து செவெல். அவனுடையது கறுப்பு, என்னுடையது ஆரஞ்சு. நான் தலைகீழாக நின்றாலும் பத்தே முக்கால் நொடிக்குக் கீழே போனதில்லை. ஒவ்வொரு ரேஸுக்குப் பிறகும் ஹார்லன் நடந்து வருவான். என் பானெட்டை இரண்டு தட்டு தட்டுவான். டப், டப்.

"நல்லா ஓடுது வெண்டல். பொண்டாட்டியை சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போக இது போதும்டா."

சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வயிறு பற்றி எரியும்.

என்னிடம் இல்லாமல் அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்று. புளோயர். என்ஜின் தானாக இழுக்கும் காற்று போதாது என்று, வலுக்கட்டாயமாகக் காற்றை உள்ளே ஊதித் தள்ளும் பெட்டி. சூப்பர்சார்ஜர் என்பார்கள். வெளியே ஒரு புல்லிச் சக்கரம். அதை பெல்ட் சுற்றும். உள்ளே இரண்டு உருளைகள். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பலம் கூடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

பிப்ரவரியில் ஹார்லன் செத்துப்போனான். நுரையீரல். சிகரெட்டைக் கையால் தொடாத ஆள். கடைசி வருடம் மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டருமாகத்தான் டிராக்குக்கு வந்தான். அப்போதும் என் பானெட்டைத் தட்டாமல் போகவில்லை, பாவி.

அடக்கம் முடிந்து சர்ச் ஹாலில் எல்லோரும் ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் சாப்பிட்டுக்கொண்டே அவனைப் புகழ்ந்தார்கள். நான் சாண்ட்விச்சைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஆள் போய்விட்டான், பெயர் மட்டும் அந்தப் பலகையில் அப்படியே இருக்கிறதே என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். நேராக அவன் மனைவி டார்லீனிடம் போனேன்.

"அந்த புளோயரை எனக்குக் கொடுத்துடுங்க, டார்லீன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "யோசிச்சுக்கோங்க வெண்டல். ஹார்லன் அதை வாங்கிட்டு வந்தப்போ..."

"யோசிச்சாச்சு. நாளைக்கே வந்து எடுத்துக்கறேன்."

அவளைப் பேசவே விடவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புளோயரைப் பூட்டி முடித்ததும், போல்ட்டையும் பெட்டியையும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். யாராவது திறந்தால் கோடு உடைந்துவிடும். ஹார்லனின் கோடு சிவப்பு. ஒரு போல்ட்டில்கூட உடையாமல் இருந்தது.

"திறந்து பாத்துட்டு மாட்டுடா. பழைய சாமான்" என்றான் மிலோ.

"கோட்டைத் தொடாதே. அவன் பூட்டினது பூட்டினபடி இருக்கணும். அதே பெட்டியை வச்சு அவனை அடிச்சேன்னு ஊரே பாக்கணும்."

"செத்தவனோட என்னடா போட்டி உனக்கு?"

"உசுரோட இருக்கும்போது விட்டானா?"

மிலோ தலையில் அடித்துக்கொண்டு மாட்டிக் கொடுத்தான்.

மே மாதம் முதல் தடவை ஸ்டார்ட் செய்தோம். புளோயர் மாட்டிய வண்டி என்றால் ஊளையிடும். அந்த ஊளைக்காகவே கூட்டம் கூடும். இது ஊளையிடவில்லை. என்ஜின் உறுமலுக்கு அடியில் வேறு ஒரு சத்தம்.

ஹூ... ஹூ...

"என்னடா இது, ஊளையே வரல?" என்று மிலோ குனிந்து காது கொடுத்தான்.

"அவ்வளவு சுத்தமான வேலை" என்றேன். ஹார்லனைப் பாராட்ட வேண்டியிருந்ததே என்று அதற்கும் ஒரு எரிச்சல்.

முதல் ஓட்டம், 10.42. மிலோ விசிலடித்தான். எனக்கும் தரையில் கால் பாவவில்லை. இரண்டாவது ஓட்டம், 10.42. மூன்றாவதும் 10.42.

இந்த ஆட்டம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரே காரில், ஒரே டிரைவர், அடுத்தடுத்து ஓடினாலும் நேரம் அச்சு அசலாக அமையாது. காற்று மாறும், டயர் சூடு மாறும். நான் டயரை மாற்றினேன். பெட்ரோலை மாற்றினேன். பின்சீட்டைக் கழற்றி எடை குறைத்தேன். கோடை முழுக்க ஓடினேன். எப்போதும் அதே நேரம்தான். அவனுக்குச் சமம். ஒரு இம்மி கூடுதலாகத் தரமாட்டேன் என்று யாரோ பிடித்து வைத்தமாதிரி.

இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். என் மனைவி லோர்னா தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே கேட்டாள்:

"கார் ஓடுச்சா, நீ ஓடுனியா?"

சிரித்துச் சமாளித்தேன். வயசாகிறது, வேறென்ன.

அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை. சீசனின் கடைசி இரவு. நல்ல குளிர். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, என்ஜினுக்கு விருந்து. அன்று காலையில்தான் மிலோவுக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்திருந்தேன். புளோயரின் புல்லியைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒன்றைப் போட்டேன். சின்னப் புல்லி வேகமாகச் சுற்றும், காற்றை இன்னும் மூர்க்கமாகத் தள்ளும். என்ஜின் தாங்காமல் வெடிக்கவும் வெடிக்கலாம். வெடிக்கட்டும். பத்து புள்ளி நாலு ஒன்று வந்தபிறகு வெடிக்கட்டும்.

இரவு 9.40. வரிசையில் என் முன்னால் நாலு கார்கள். என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். கண்ணாடியை ஏற்றியிருந்தேன். காருக்குள் இருட்டு, பெட்ரோல் வாசனை.

ஹூ... ஹூ...

என்ஜின் அணைந்திருக்கிறது. பெல்ட் நின்றிருக்கிறது. சத்தம் மட்டும் வருகிறது.

டாஷ்போர்டைப் பார்த்தேன். புளோயர் எவ்வளவு அழுத்தத்தில் ஊதுகிறது என்று காட்டும் மீட்டர். என்ஜின் ஓடாவிட்டால் முள் சும்மா கிடக்க வேண்டும். அது கொஞ்சம் ஏறியது. இறங்கியது. ஏறியது...

எங்கேயோ பார்த்த தாளம்.

கீழே குனிந்தேன். என் நெஞ்சு.

நான் மூச்சு விட்டால் முள் ஏறுகிறது. இழுத்தால் இறங்குகிறது.

மூச்சை அடக்கினேன்.

முள் நின்றது.

விட்டேன்.

ஏறியது.

அப்போதே இறங்கி ஓடியிருக்க வேண்டும். கதவில் கை வைத்தும்விட்டேன். கண்ணாடி வழியாக அந்தப் பலகை தெரிந்தது. விளக்கு வெளிச்சத்தில் அவன் பெயர்.

கையை எடுத்துவிட்டேன்.

மணி 9.52. புறப்படும் கோட்டில், சிக்னல் விளக்குகளுக்கு முன்னால் நிறுத்தினேன். மஞ்சள். மஞ்சள். மஞ்சள்.

பச்சை.

கார் பாய்ந்தது. முதுகு சீட்டில் ஒட்டியது. முள் எட்டைத் தாண்டியது. பத்து. பன்னிரண்டு. இதுவரை போகாத இடம். கத்தலாம் போலிருந்தது.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

என் மூச்சு வெளியே போய்க்கொண்டிருந்தது. நிற்காமல். யாரோ வாயில் வாய் வைத்து உறிஞ்சுவதுபோல...

பதினாலு.

உள்ளே இழுத்தேன். வரவில்லை. விலா எலும்பு உள்வாங்கியது. கண்ணோரம் கறுத்தது.

காலை எடுத்தால் போதும். எனக்குத் தெரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மூச்சு வந்துவிடும்.

எடுக்கவில்லை.

பதினாறு.

இன்னும் நூறடி...

ஐம்பது...

முடிவுக் கோடு.

கால் தானாக நழுவியது. கார் உருண்டு உருண்டு இருட்டில் போய் நின்றது. என்ஜின் அணைந்தது. அங்கே விளக்கு இல்லை. மனிதர் இல்லை. புல்வெளி மட்டும்.

என் முன்னால், பானெட்டின் மேல்...

டப்.

டப்.

அதற்குமேல் நினைவில்லை. மிலோ வந்து கதவைத் திறந்தபோது என் உதடு நீலமாக இருந்ததாம். நினைவு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வியை அவன் இன்றும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.

"எவ்வளவுடா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "பத்து புள்ளி நாலு ரெண்டு."

ஆஸ்பத்திரியில் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். ஊதினேன். அந்த நர்ஸ் பெண் பொறுமையாக நின்றாள்.

"ம், ஊதுங்க சார்."

"ஊதிட்டேன்மா."

அவள் கருவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். எத்தனை வருடமாகப் புகைக்கிறேன் என்று அவர் கேட்டார். பாதி நுரையீரல்தான் வேலை செய்கிறதாம். என் வாழ்நாளில் நான் ஒரு சிகரெட் பிடித்ததில்லை.

மறுவாரம் மிலோ வந்தான். கையில் ஒரு துணிப்பொதி. கட்டிலில் வைத்துப் பிரித்தான். பென்சில் ஒடிந்தமாதிரி இரண்டாக ஒடிந்த ஒரு இரும்புத் தண்டு.

"புளோயரைத் திறந்தேன். புல்லிக்கும் உள்ள இருக்குற உருளைக்கும் நடுவுல இருக்குற தண்டு இது. வெளிய புல்லி சுத்துச்சு. உள்ள ஒண்ணும் சுத்தல."

"அன்னிக்கு ராத்திரி ஒடிஞ்சிருக்கும்" என்றேன்.

"ஒடிஞ்ச இடத்தைப் பாரு."

துரு. கறுத்து, கெட்டியாகப் படிந்த பழைய துரு. உருளை சுற்றாவிட்டால் என்ஜினுக்குக் காற்று சரியாகப் போகாது. இந்த நிலையில் அந்த வண்டி ஒழுங்காக ஸ்டார்ட்டே ஆகியிருக்கக் கூடாது.

"இன்னொண்ணு" என்றான் மிலோ. குரல் இறங்கியிருந்தது. "திறக்கறதுக்கு முன்னாடி ஹார்லனோட சிவப்புக் கோட்டைச் சுரண்டினேன். அடியில இன்னொரு கோடு இருக்கு. நீலம். அதுவும் உடையாம இருந்துச்சு."

அன்று சாயங்காலமே டார்லீனுக்கு போன் செய்தேன். அந்த நீலக் கோடு யாருடையது என்று கேட்டேன்.

"சர்ச்லயே சொல்ல வந்தேன். நீங்க விடல. ஹார்லன் அதை ஒஹாயோல ஒரு அம்மாகிட்ட வாங்கினான். அவங்க புருஷன் மூச்சுத் திணறிச் செத்தவர். அந்த மனுஷனோட டைமை அடிக்கணும்னுதான் இவனும் ஓடினான். அதான் அவர் பூட்டினதை இவனும் பிரிக்கல."

"அவரோட டைம் என்ன, டார்லீன்?"

எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"உங்களோடதுதான்" என்றாள்.

இப்போது என் மூக்கிலும் குழாய் இருக்கிறது. புளோயர் என் கராஜின் மூலையில், தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. ஒடிந்த தண்டோடு அதைக் குப்பையில் போடச் சொல்லி லோர்னா அழுகிறாள். போட்டால் எவனாவது எடுத்துக்கொள்வான். எடுத்தவன் பத்து புள்ளி நாலு ஒன்று ஓடிவிட்டால்? நினைத்தாலே வயிறு எரிகிறது. நான் உயிரோடு இருக்கும்வரை அது அந்த மூலையை விட்டு நகராது.

ராத்திரியில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரும். நான் மூச்சு விட்டால் வரும். அடக்கினால் நிற்கும்.

நேற்று மிலோ என்னைப் பார்க்க வந்திருந்தான். பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தான். போகும்போது வாசலில் அவன் லோர்னாவிடம் மெதுவாகப் பேசியது எனக்குக் கேட்டுவிட்டது.

"அவன் காலத்துக்கு அப்புறம் அதை என்னைத் தவிர வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க. பிரிச்சதை அப்படியே பூட்டி, பச்சைப் பெயிண்டுல என் கோட்டையும் இழுத்து வச்சிருக்கேன்."