சோற்றுக்கு முன்னால் இரண்டு போத்தல்

தீபாவளிக்கு மாத்தளை வீட்டுக்கு வந்தபோது என் பையில் இரண்டு போத்தல் சிவப்பு வைன் இருந்தது. கோர்பியேர் ஒன்று, மாதிரான் ஒன்று. இரண்டும் தெற்குப் பிரான்ஸ் விவசாயிகள் அன்றாடம் குடிக்கிற முரட்டுச் சரக்கு.

நான் தம்புள்ளைப் பக்கம் ஒரு ஹோட்டலில் பரிமாறுகிறேன். டிசம்பர் இருபத்தைந்து நத்தார் விருந்தில் ஆட்டுக்கறியோடு எந்த வைனை ஊற்றுவது என்று சொல்லும் வேலையை மனேஜர் முதல்தடவையாக என்னிடம் தந்திருந்தார். நான் தேறினால் வைன் பிரிவு எனக்கு. இல்லாவிட்டால் பழையபடி தட்டுத் தூக்க வேண்டியதுதான். விருந்துக்கு வருவது பெரும்பாலும் கண்டி, குருநாகல் குடும்பங்கள். ஆகவே உறைப்புக் குறையாத எங்கள் வீட்டுக் கறியோடு ருசி பார்ப்பதுதான் நேர்மை என்று நினைத்தேன்.

காற்றுப் படட்டும் என்று போத்தல்களைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு அண்ணியோடு கோயிலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அப்பாவும் மாமாவும் மிளகு போட்டுப் பொரித்த இறைச்சியைக் குடிக்குத் தொட்டுக்கொள்ளும் பைட்ஸாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிளாஸில் ஐஸ் மிதந்தது. கோர்பியேரில் கால்வாசிதான் மிச்சம்.

"நாவப்பழம் ஊறப்போட்ட தண்ணி மாதிரி இருக்கு புள்ள," என்றார் மாமா. "ஆனா பொரியலோட சும்மா எறங்குது."

"சோத்தோட குடிக்கத்தான் மாமா கொண்டாந்தேன்."

"சோறு தின்னப்புறம் என்னாத்துக்குக் குடி?" அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு அது உண்மையான கேள்வி.

எங்கள் வீட்டில் மட்டுமல்ல, தெரு முழுக்க அப்படித்தான். கிளாஸ் காலியான பிறகே "சோறு போடுங்க" என்று குரல் வரும். பிறந்ததிலிருந்து பார்த்தது. ஆனால் ஹோட்டலில் நடத்திய வைன் வகுப்பில் எது எதோடு பொருந்தும் என்று மனப்பாடம் செய்தபோது ஒருநாளும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

"அப்ப மத்தது?"

"அது மரப்பட்டையக் கடிச்ச மாதிரி. அதுக்கும் காசு குடுக்குறாங்களா ஒங்க ஆளுக?" என்றார் மாமா.

மிச்சத்தைச் சமையலறைக்குத் தூக்கிப் போனேன். அண்ணியும் நானும் சோறும் கறியும் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தோம். மாதிரானின் துவர்ப்பும் கொச்சிக்காய்த் தூளின் உறைப்பும் சேர்ந்து நாக்கைச் சுட்டன. கோர்பியேர் கொஞ்சம் பரவாயில்லை, என்றாலும் எரிந்தது.

"கறியும் போச்சு, இதுவும் போச்சு," என்றாள் அண்ணி. கோர்பியேரில் ஐஸ் போட்டு, பொரியல் ஒரு துண்டை வாயில் வைத்துக் குடித்தாள். "இப்ப நல்லாருக்கு. நீயும் குடி."

குடித்தேன். மிளகுக்குப் பின்னால் பழம் தெரிந்தது.

மனேஜருக்கு எழுதினேன்: கோர்பியேர், குளிரவைத்து, சோற்றுக்கு முன்னால், மிளகுப் பொரியலோடு.

'கறியோடு எது என்றுதானே கேட்டேன்?' என்று பதில் வந்தது.

'எதுவும் இல்லை' என்று அனுப்பிவிட்டுக் கையைக் கழுவினேன்.

நத்தாரன்று குளிரவைத்த கோர்பியேரைப் பொரியலோடு நான்தான் ஊற்றினேன். சோறு வந்ததும் மேசை மேசையாகக் கிளாஸ்களை எடுத்தேன், யாரும் தடுக்கவில்லை. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மட்டும் எடுக்க விடாமல் கிளாஸைக் கையால் மூடிக்கொண்டார்கள். அவர்களை விட்டுவிட்டேன்.