நாலாவது மூலைக்கு வந்த மெத்தை

என் மனுசன் தனஞ்சயன் மெத்தை பொறுக்கிய கதையை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை முழுகவேண்டும் போல இருக்கிறது. பகலில் அவர் புதுக்கடைக் கோர்ட்டில் ஒரு சட்டத்தரணியின் கிளார்க். மாலையில் மரண அறிவித்தல் வாசிக்கிறவர். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளற்றின் சாமான் அறையில் மைக்கை வைத்துக்கொண்டு, கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட் நடத்தும் இணையத்தளத்துக்காக, 'இறைபதம் அடைந்தார்' என்று உலகம் முழுக்கச் சொல்வார். கனடாவில் அந்தக் குரலைக் கேட்டு அழுகிற சனம் இருக்கிறதாம். வீட்டில் அதே குரலில்தான் உப்பும் கேட்பார்.

ஒரு நாள் ஒஸ்வால்ட் போன் எடுத்தார். "தனா, உம்மட குரல் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கு. இந்த மாசத்துக்குள்ள றூமைச் சரிப்பண்ணும். இல்லாட்டி நான் வேற ஆளைத்தான் பார்க்கவேணும்."

அன்று மனுசன் சாப்பிடவில்லை. கோர்ட்டில் இருபது வருடமாக அவரை எல்லோரும் "ஏய் கிளார்க்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தச் சாமான் அறைக்குள் மட்டும்தான் அவர் ஒரு ஆள். அது போனால் இவர் உடைந்துபோவார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பிறகு நடந்த கூத்தை எல்லாம் பொறுத்தேன்.

யூடியூப் பார்த்துப் படித்துவிட்டு வந்து எனக்கு வகுப்பெடுத்தார். தடித்த சத்தம் எல்லாம் அறையின் மூலைகளில் போய்ச் சேருமாம், அதுதான் குரலைக் குழப்புதாம். நாலு மூலையிலும் தரையிலிருந்து கூரை வரை மொத்தமாக எதையாவது அடைத்தால் அது சத்தத்தைக் குடித்துவிடுமாம். பெயர் பேஸ் ட்றாப். அதற்கென்று விற்கிற றொக்வூல் பஞ்சின் விலை எங்களுக்குக் கட்டாது. மூன்றாம் நாள் ஓட்டோவின் கூரையில் ஒரு தும்பு மெத்தையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"தெஹிவளையில ஒரு ஹோட்டல் மூடுறாங்கள், நேசம். சும்மா தந்தவங்கள்."

இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. அறுத்து, அடுக்கி, கறுப்புத் துணியால் மூடினார். வீடு முழுக்கத் தும்புத் தூள். மூத்திர நாற்றத்துக்குக் கற்பூரம் கொளுத்தினார். பத்தாம் நாள் என் தலையணையில் மூட்டைப்பூச்சி ஊர்ந்தது. சீ! எந்த ஹோட்டலில் ஐயா இப்படி மூத்திரம் பெய்துவைத்திருக்கிறார்கள்?

"உண்மையைச் சொல்லுங்கோ. எங்கால இந்த மெத்தையள்?"

மனுசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அறிவித்தலில அட்ரஸ் இருக்குத்தானே."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. செத்தவீட்டில் ஆளைக் கொண்டுபோனதும் மெத்தையைத் தெருவில் போடுவது எங்கள் சனத்தின் வழக்கம். இவர் மாலையில் அறிவித்தல் வாசிப்பாராம், சவம் எடுத்ததும் அதே விலாசத்துக்குப் போய்க் குப்பை லொறிக்கு முந்தி மெத்தையைத் தூக்குவாராம். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் தலை முழுகாமல் என்னை வாசலைத் தாண்ட விடாத மனுசன்! துடக்கு எனக்கு மட்டும்தான் போல.

"இன்னும் ஒரு மூலைதான் இருக்கு நேசம். நீர் கொஞ்சம் பொறும்."

நாலாவது மெத்தையும் வந்தது. துணி முடிந்துவிட்டதால் அதை மூடவில்லை. சிவப்புக் கோடு போட்ட மெத்தை. இரண்டு பக்கமும் பழைய சேலைக் கரையைத் தைத்து, நுனியில் சின்ன வளையமாக முடிந்திருந்தது. "பார்த்தீரோ, தூக்கக் கைபிடியும் வைச்சிருக்கினம்" என்று சந்தோசப்பட்டு, அந்த வளையங்களைச் சுவர் ஆணியில் மாட்டி மெத்தையை நிமிர்த்தினார்.

அந்தக் கிழமை ஒஸ்வால்ட் ஒருவரை அனுப்பினார். பெயர் சுபோதினி, தெஹிவளை. தகப்பன் முத்துலிங்கத்தின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவுப் பதிவு செய்யவேண்டும். அந்தப் பதிவைக் கேட்டுத்தான் ஒஸ்வால்ட் முடிவு சொல்வார். செத்தவீட்டுச் சனம்தான் தன் அறைக்கு வருகிற சனம் என்பது என் மனுசனின் மண்டையில் ஏறவே இல்லை. நாலு மெத்தையில் எது எந்த வீட்டுடையது என்றுகூட அவருக்கு ஞாபகமில்லை.

நான் தண்ணீர் கொண்டு போனேன். அந்தப் பெண் மைக்கின் முன்னால் தாளோடு நின்று நாலாவது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் இரத்தம் இல்லை.

"அண்ணை, இது எங்கால?"

"ஒரு ஹோட்டல் மூடினவை, தங்கச்சி."

அவள் தலையாட்டினாள். வாசிக்கத் தொடங்கினாள். அப்பாவின் படிப்பு, உத்தியோகம், கோயில் தொண்டு எல்லாம் ஒழுங்காக வந்தது. பிறகு நிறுத்தினாள்.

"இந்த வரியை நீங்களே வாசியுங்கோ அண்ணை. எனக்கு வாசிக்க வாய் வருகுதில்லை."

என் மனுசன் வாசித்தார். "ஏழு மாதங்கள் நோயுற்றிருந்த தந்தையை ஒரு கணமும் முகம் சுளிக்காது, மலர்ப் படுக்கையில் வைத்துக் காத்தோம்." என்ன குரல்! கல்லும் உருகும். அவர் வாசிக்கும்போது அவள் தன் இடது மணிக்கட்டை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வளையத்தையே பார்த்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது தூக்குகிற கைபிடி இல்லை. தகப்பனின் கையைக் கட்டிவைத்தது.

லிஃப்ட் வரும் வரை என்னோடு நின்றாள். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "எழும்பி எழும்பி விழுவார் அக்கா. ரெண்டு தரம் தலை உடைஞ்சது. நானும் வேலைக்குப் போகவேணும்." அவள் மேல் அருவருப்பு, அவள் சொன்னதில் நியாயம் தெரிந்ததால் என் மேலும் அருவருப்பு.

மாலையில் ஒஸ்வால்டின் மெசேஜ் வந்தது. றூம் சுப்பர், ஒவ்வொரு சொல்லும் கண்ணாடி மாதிரி, அடுத்த வருசமும் தனாதான். மனுசன் சின்னப் பிள்ளையாகத் துள்ளினார். நான் விசயத்தைச் சொன்னேன்.

"பாவம்தான்" என்றார். பிறகு, "அதுக்காக மெத்தையைக் கழட்டிப்போடாதையும் நேசம். சவுண்ட் மாறிடும்."

த்தூ! நான் அறைக்குள் போனேன். மெத்தை நின்றால் நிற்கட்டும், அந்த முடிச்சையாவது அவிழ்த்துவிடலாம் என்று ஆணியிலிருந்து ஒரு வளையத்தைக் கழற்றினேன். நகம் உடைந்தது, முடிச்சு அசையவில்லை. கல்லாக இறுகியிருந்தது. கட்டியவள் அப்படி இறுக்கியிருக்க மாட்டாள். ஏழு மாதம் கையை இழுத்தவர்தான் இறுக்கியிருக்கிறார்.