ஓட்டைவாய் பிரவுசர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் என் மகளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

என் மச்சினன் மாரி வந்திருந்தான். மனைவியின் தம்பி, மும்பை சயானில் ஒரு ஆபீஸில் வேலை. கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க லேப்டாப்பைத் திறந்து, இங்கிலீஷில் 'சி' என்று ஒரே ஒரு எழுத்தைத்தான் தட்டினான். உடனே பிரவுசர், 'இதைத்தானே கேட்க வந்தீர்கள்?' என்பது போல் ஒரு பழைய கேள்வியை எடுத்து நீட்டியது.

'சூயிங்கம் விழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்குமா?'

இங்கிலீஷ் எழுத்தில், ஹிந்தியில் கேட்ட கேள்வி. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்க ஒரே ஆள்தான் உண்டு. ஆறாம் வகுப்புப் படிக்கும் பவித்ரா.

மாரி சும்மா இருப்பானா?

"ஏட்டி பவி! எத்தனை முழுங்கின? வரப்போறது மாமரமா, புளியமரமா?"

"நான் ஒண்ணும் கேக்கல மாமா!"

"அப்ப உங்க அப்பாவா கேட்டாரு? அத்தான், நீங்களா முழுங்கினிய?"

தாராவியில் எங்கள் சந்து எவ்வளவு அகலம் தெரியுமா பிள்ளைகளே? இரண்டு பேர் எதிரெதிரே வந்தால், ஒருவர் யார் வீட்டு வாசலிலாவது ஏறி நின்று வழிவிட வேண்டும். அந்தச் சந்தில் ஒரு செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? பொழுது சாய்வதற்குள் பவியைக் கண்டால் 'மரமே... மரமே...' என்று ஒரு பட்டாளமே கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

அன்றோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பவி எப்படிப்பட்டவள் என்று இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பல் தேய்க்கும்போது ஒரு கேள்வி, சாப்பிடும்போது ஒன்பது. நாய் ஏன் டயரையே பார்த்து ஒன்றுக்குப் போகிறது? இட்லிக்குப் பிறந்த நாள் எது? அப்படிப்பட்டவள் ஒன்றுமே கேட்கவில்லை. லேப்டாப்பைத் தொடவே இல்லை. ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்குக்கூட.

செவ்வாய்க்கிழமை மனைவி செல்வராணி வேறொன்று சொன்னாள்.

"ஏங்க, ரெண்டு நாளா வாட்டர் பாட்டில் போன மாதிரியே திரும்பி வருது. வீட்லயும் தண்ணி குடிக்க மாட்டேங்கா. ஒரு வாய் ரெண்டு வாய்... அவ்வளவுதான்."

எனக்குப் புரிய அரை மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் ஊற்றினால்தானே முளைக்கும்!

"முளைக்காதும்மா. தைரியமாக் குடி."

"எனக்குத் தாகமே இல்லப்பா. நான் ஒண்ணும் முழுங்கலையே."

கேள்வியை டைப் செய்தவள், அம்மா வருவதைப் பார்த்ததும் பதிலைப் படிக்காமலே லேப்டாப்பை மூடியிருக்கிறாள். நானோ எட்டாம் வகுப்போடு பை தைக்க வந்தவன். என்னுடைய 'முளைக்காது'க்கு அவளிடம் என்ன மதிப்பு? அவளே தேட வேண்டும், அவளே படிக்க வேண்டும், யாரும் பார்க்கக் கூடாது. அதற்கு வாயை மூடிக்கொண்டிருக்கிற பிரவுசர் ஒன்று வேண்டும்.

"ஹிஸ்டரியை அழிச்சிருங்க அத்தான், சோலி முடிஞ்சுது" என்றான் மாரி.

அழித்தேன். ஆனால் அந்த லேப்டாப்பில்தான் பாதிச் சந்துக்குக் கரண்ட் பில், ரயில் டிக்கெட், பரீட்சை ரிசல்ட் எல்லாம். யார் என்ன கேட்டார்கள் என்று தினமும் உட்கார்ந்து அழிப்பது யார்?

புதன்கிழமை லேப்டாப்பைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். புது ஜிப் வந்தால் இருபது தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைத்துத் தைப்பேன். பிரவுசருக்கும் அதே நியாயம்தானே? பழையதோடு இன்னும் இரண்டை இறக்கினேன். மூன்றிடமும் ஒரே கேள்வி கேட்பது, அப்புறம் எது என்ன செய்கிறது என்று பார்ப்பது. இதுதான் திட்டம்.

எனக்கு டைப்பிங் வராது. மைக் பொம்மையை அமுக்கிப் பேசுவேன். ஆறு தையல் மெஷின் ஓடுகிற இடத்தில் பேசுவதென்றால் சும்மாவா? அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும்.

"யானைக்கு ஸ்கூல் பை தைக்க எத்தனை மீட்டர் துணி வேணும்?"

மூன்றாவது தடவை கத்தியபோது கட்டிங் மாஸ்டர் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். பீகார்க்காரர். திரையில் இருந்த யானைப் படத்தைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு கவலை.

"அரே பாய்... கிஸ்கா ஆர்டர் ஹை?"

யாருடைய ஆர்டராம்!

சரி, பரீட்சை முடிவு? பழைய பிரவுசர் அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. எந்தப் பக்கம் போனாலும் யானை பொம்மை, ஸ்கூல் பை, காட்டுக்குள் ஜீப் சவாரி. மறுநாள் என் போனிலும் அதே யானை! நான் பட்டறையில் கேட்டது போனுக்கு எப்படித் தெரிந்தது? இரண்டிலும் ஒரே அக்கவுன்ட்டில் நுழைந்து வைத்திருக்கிறேனாம். இரண்டாவது பிரவுசர் விளம்பரத்தைத் தடுத்தது. ஆனால் திறக்கும்போதெல்லாம் எந்த நடிகர் எந்தக் கார் வாங்கினார் என்று அதுவே ஒரு செய்தி சொன்னது. நான் கேட்டேனா?

மூன்றாவதுதான் தங்கம். விளம்பரத்தையும் பின்னாலேயே வருகிற வேவுக்காரர்களையும் தடுத்தது. செட்டிங்கில் ஒரு இடத்தில் டிக் போட்டால், மூடியவுடன் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

எல்லாவற்றையும் என்றால்... எல்லாவற்றையும். செல்வராணி அன்றே சண்டைக்கு வந்தாள்.

"கரண்ட் பில் நம்பரையும் மறந்துட்டு! ஒண்ணுமே ஞாபகமில்லாத இதை எங்கேருந்துங்க பிடிச்சிய? மறதியில உங்க அண்ணனையே மிஞ்சிரும் போலிருக்கே!"

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இந்த மறதி வீட்டு ஆட்களிடமிருந்துதான் மறைக்கும். நாம் போகிற வெப்சைட்டுக்கும், நெட் கனெக்ஷன் கொடுத்தவருக்கும் நாம் வந்துபோனது தெரியலாம். அதனால் உள்ளே யாராவது உங்கள் பெயரோ போட்டோவோ கேட்டால் உடனே வீட்டில் சொல்லிவிடுங்கள். அது ரகசியக் கணக்கில் சேராது.

வியாழக்கிழமை சாயங்காலம் பவியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"பாரும்மா, இதுல எது வேணாலும் கேக்கலாம். மூடினா மறந்துரும். யாருக்கும் தெரியாது."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ். நம்பலையா? இரு, அப்பா ஒரு ரகசியம் கேட்டுக் காட்டுதேன்."

எனக்கும் ஒரு ரகசியம் உண்டு. இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. மகளுக்காகத் துணிந்து மைக்கை அமுக்கினேன்.

"எஸ்கலேட்டர்ல பயப்படாம ஏறுறது எப்படி?"

பட்டறைப் பழக்கம். அடிவயிற்றுக் குரல். வீட்டில் ஏது ஆறு மெஷின்? பத்துக்குப் பத்து அறை, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு தகரம்.

பிரவுசர் இன்னும் தேடிக்கொண்டிருந்தது. அதற்குள் தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சியக்கா பதில் சொல்லிவிட்டார்.

"தம்பி! மொதல்ல வலது காலை வையுங்க! கீழ பாக்காதிய!"

மாடியில் குடியிருக்கும் ஹிந்திக்காரர் மேலிருந்து குரல் கொடுத்தார். "பாய்! ஹேண்டில் பக்கட்கே ரக்கோ!"

கைப்பிடியை விடாதே என்கிறார். நன்றி, பாய்.

அடுப்படியிலிருந்து செல்வராணி கரண்டியோடு வந்தாள்.

"அப்ப ஸ்டேஷன்ல படியேறினா உடம்புக்கு நல்லதுன்னு நாலு வருஷமா என்னையும் இழுத்துக்கிட்டு ஏறினது... இதுக்குத்தானா?"

"இல்ல ராணி, உடம்புக்கும்..."

"என் முட்டி தேஞ்சு போச்சுங்க!"

"விடு ராணி" என்றது தகரம். "எனக்கும் பயந்தான். நான் கண்ணை மூடிக்கிட்டுல்லா ஏறுவேன்!"

(பிள்ளைகளே, அப்படி ஏறாதீர்கள்.)

பவி சிரித்தாள். தரையில் உருண்டு, விக்கல் வரும்வரை சிரித்தாள். நான்கு நாளுக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். அப்புறம் எழுந்து லேப்டாப்பை வாங்கினாள். பிரவுசரை மூடினாள். திறந்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தட்டிப் பார்த்தாள். எஸ்கலேட்டரைக் காணோம்! சந்துக்கே தெரிந்துவிட்டது, பிரவுசருக்கு மட்டும் தெரியவில்லை.

"நிஜமாவே மறந்துட்டுப்பா."

"அதான் சொன்னேன்ல."

மூலையில் போய் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். "நான் டைப்தான் பண்ணுவேன். ரெண்டு பேரும் அந்தப் பக்கம் பாருங்க."

பத்துக்குப் பத்தில் எந்தப் பக்கம் பார்ப்பது? நான் தகரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். செல்வராணி காலண்டரைப் பார்த்தாள்.

டக் டக் டக் என்று எழுத்துகள் விழுந்தன. அப்புறம் சத்தமில்லை... ரொம்ப நேரம் சத்தமில்லை. லேப்டாப் மூடிய சத்தம். பாதம் நடக்கிற சத்தம். குடத்தில் டம்ளர் விழுகிற சத்தம். மடக், மடக், மடக்... மறுபடி டம்ளர் விழுந்தது. மறுபடி மடக், மடக்.

செல்வராணி ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் 'உஷ்' என்று விரலைக் காட்டினேன்.

மூன்று பிரவுசரை மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட நல்ல பிரைவசி செட்டிங் ஒன்றே ஒன்றுதான் — பெரியவர்கள் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி உட்காருவது. இந்த வரியை மட்டும் உங்கள் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்!